இரண்டு ஜாடிக்கு ஒரு கரண்டி

முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, "பாவம், தெரியாமல் செய்துவிட்டார்" என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது. தெரியும். எல்லாம் தெரியும். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பத்து தடவை எழுத வைத்து, எழுதாதவர்களை வராந்தாவில் நிறுத்தியவன். நன்றாகத் தெரிந்த ஒன்றை வேண்டிய நேரத்தில் மறந்துபோவதற்குத் தனித் திறமை வேண்டும். அது எனக்கு ஓய்வு பெற்ற பிறகு கைவந்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம், மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினோம். எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டிய சந்து. அதுவரை வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள். நான் சாமராஜநகரில் இருந்த கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புவேன். என் மனைவி எஸ்தர் மைசூரிலேயே நர்ஸ் வேலை பார்த்தாள். சொந்த வீடு என்பது எங்களுக்கு எப்போதும் அடுத்த வருடத்துக் காரியமாகவே இருந்தது. வீட்டைக் காட்டிய தரகர், "நல்ல கட்டடம் சார், கொஞ்சம் துடைச்சாப் போதும்" என்றார். கொஞ்சம் துடைத்துப் பார்த்தோம். சுவர் துணியோடு வந்தது.

ஓடு மாற்றி, ஒயர் மாற்றி, சாக்கடைக் குழாய் மாற்றி முடித்தபோது கையில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று எங்கள் உடம்பில் இருந்த வலு. இன்னொன்று என் படிப்பு. எஸ்தர் முதலாவதை நம்பினாள். நான் இரண்டாவதை நம்பினேன்.

வீட்டுக்குள் சிவப்பு சிமெண்டுத் தரை. ஆனால் சிவப்பு என்பதை அதன் முந்தைய சொந்தக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். சமையலறைச் சுவரில் எத்தனையோ குடும்பங்களின் தாளிப்பு. பின்பக்கக் குளியலறை ஓடுகளில் உப்புக்கறை, ஓட்டின் மேல் இன்னொரு ஓடு ஒட்டியது போல. எஸ்தர் ஒரு சீட்டு எழுதினாள்: பினாயில், சோப்புத் தூள், கக்கூஸ் கழுவுகிற ஆசிட், தேய்க்கிற பிரஷ். நான் பிரஷ்ஷை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தேன்.

"இதெல்லாம் என்ன எஸ்தர்? கொஞ்சம் அமிலம், கொஞ்சம் காரம், மேல கொஞ்சம் வாசனை. இத நான் வீட்லயே பண்ணிட மாட்டேனா?"

அவள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. (நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பங்களை மட்டும் எழுதினாலே என் வாழ்க்கை வரலாறு முடிந்துவிடும்.)

முதல் தயாரிப்பு, வினிகரும் ஆப்ப சோடாவும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினேன். நுரை பொங்கிப் பொங்கி வாளிக்கு வெளியே வந்தது. எனக்குக் கிட்டத்தட்டக் கண் கலங்கிவிட்டது. நுரை அடங்கியதும் பாட்டில்களில் ஊற்றி, 'பல்நோக்குத் திரவம்' என்று சீட்டு ஒட்டி, வீட்டு வேலைக்கு வரும் மாதேவம்மாவிடம் கொடுத்தேன். மாதேவம்மா பல வருடங்களாகத் தமிழ் வீடுகளில் வேலை செய்து, பாதித் தமிழ் பாதிக் கன்னடமாக ஒரு தெளிவான மொழி வைத்திருந்தாள். இரண்டு நாள் துடைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல தொடச்சா தண்ணில தொடச்ச மாதிரியே இதெ" என்றாள். 'இருக்கு' என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவளுக்குப் புரியும்படி விளக்கத் தொடங்கினேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று என் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. உப்பும் நீரும். முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு ஜூலை மாதமும் நான் நடத்திய பாடம். நான் அவளிடம் கொடுத்திருந்தது, சீட்டு ஒட்டிய உப்புத் தண்ணீர்.

அடுத்தது பூந்திக்கொட்டை. ஊறவைத்து, கொதிக்கவைத்து, பிழிந்து, அதில் துணி துவைக்கச் செய்தேன். என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒரே வாரத்தில் டீ நிறத்துக்கு வந்தன. மகள் ஷீபா மைசூரிலேயே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் தன் துப்பட்டாவைத் தூக்கிக் காட்டி, "அப்பா, ஸும்னெ ஒரு சோப்பு வாங்கிடலாம்பா" என்றாள், 'சும்மா'வைக் கன்னடமாக்கி. நான் பொறுமை வேண்டும் என்றேன். பொறுமைக்குப் பலன் கிடைத்தது. மூன்றாவது வாரம் துணிகள் பளிச்சென்று ஆயின. பக்கத்து வீட்டு நரசிம்மையாவைக் கூப்பிட்டு, கொடியில் காய்ந்த சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பூந்திக்கொட்டையின் பெருமையை அரை மணி நேரம் சொன்னேன். மாதேவம்மா தன் வீட்டிலிருந்து சோப்புக் கட்டியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து துவைத்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது. நான் சிக்கனம் என்று நினைத்துச் செய்ததையெல்லாம் சுற்றி இருந்த பெண்கள் சத்தமில்லாமல் தங்கள் பக்கத்திலிருந்து ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதை அன்றைக்கே கவனித்திருந்தால் மேற்கொண்டு எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மூன்றாவது தயாரிப்புதான் என் மகத்தான கனவு. கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்தது. ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் ஜாடியில் போட்டு மூன்று மாதம் நொதிக்க விட வேண்டும். பிறகு அது தரை, ஜன்னல், பாத்திரம், கக்கூஸ் எல்லாவற்றையும் கழுவுமாம். சந்து முனை ஜூஸ் கடையில் தோலைக் கேட்டு வாங்க ஒரு பை எடுத்துக்கொண்டு தினமும் போவேன். கடைக்காரர் முதலில் நான் மாடு வளர்ப்பதாக நினைத்தார். எஸ்தரிடம் இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகள் இருந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தயங்கிவிட்டுத்தான் கொடுத்தாள்.

தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஜாடிகள் திராட்சரசத்துக்கு உரியவை.

எங்கள் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை எஸ்தர்தான் பதினெட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். கடையில் வாங்குவதில்லை. கறுப்புத் திராட்சை வரும் காலத்தில் அவளே மார்க்கெட்டுக்குப் போய்க் குலை குலையாகப் பொறுக்குவாள். கழுவி, துணியில் உலர்த்தி, பிசைந்து, சர்க்கரை சேர்த்து ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டுவாள். தினம் ஒரு தடவை, கொதிதண்ணீரில் போட்டெடுத்த மரக்கரண்டியால் கிண்டுவாள். இருபத்தொரு நாள். பிறகு வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து, தெளிவதற்கு விடுவாள். பிறர் அதைப் பயபக்தி என்பார்கள். அவளோ ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் என்பாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு வருடம்கூட அது பிசகியதில்லை. சபையில் வயதான பெண்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட "கைராசிக்காரி" என்று கூப்பிடுவதுதான் அதிகம். அவள் வெட்கப்பட்டு மறுப்பாள். ஆனால் மறுத்துவிட்டுத் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

புது வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை; எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். என் தோல் ஜாடி ஜனவரியிலிருந்தே அங்கே இருந்தது. பிப்ரவரி நடுவில் அவள் ஜாடியும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் ஆராதனைக்கான ரசம்.

என் ஜாடியில் அதற்குள் மேலே வெள்ளையாக, வழவழவென்று ஓர் ஆடை படிந்திருந்தது. வீடியோவில் அது நல்ல அறிகுறி என்று சொல்லியிருந்தார்கள். என் கனவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அறைக்குள் பொடிப்பொடியாக ஈக்கள். எஸ்தர் முகம் சுளித்து, "அத வெளிய வச்சா என்ன?" என்றாள். வெயில் பட்டால் கெட்டுவிடும் என்றேன்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, கொள்ளேகாலில் இருந்த அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நான்கு நாள் போய் இருந்துவிட்டு வர வேண்டும். பை கட்டி வாசலில் வைத்துவிட்டு என்னை ஜாடி அருகில் கூட்டிப்போனாள்.

"தினம் காலையில ஒரு தடவ. கரண்டிய அஞ்சு நிமிஷம் கொதிதண்ணில போட்டு எடுங்க. ஆறட்டும். மெதுவாக் கிண்டுங்க. துணியத் திருப்பிக் கட்டிடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னதச் செய்யும், ஷீபா அப்பா. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

முதல் நாள் சொன்னபடியே செய்தேன். ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். கடிகாரம் பார்த்துத்தான்.

இரண்டாம் நாள் காலையில் என் ஜாடியைத்தான் முதலில் கிண்டினேன். கரண்டி கையில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் அவள் ஜாடி. இதற்காகத் திரும்ப அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் வைத்து, ஐந்து நிமிடம் கேஸைச் செலவழிக்க வேண்டுமா என்று ஒரு யோசனை. இதிலும் பழம், சர்க்கரை. அதிலும் பழம், வெல்லம். இரண்டும் நொதிப்பவை. உறவுக்காரர்கள் மாதிரிதானே! கரண்டியைக் குழாயில் காட்டி, உதறிவிட்டு, அவள் துணியை அவிழ்த்து உள்ளே விட்டேன். நன்றாகவே கிண்டினேன். மூன்றாம் நாளும். நான்காம் நாளும். வாசலைப் பெருக்கிவிட்டு வந்த மாதேவம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

ஆல்கஹாலில் காற்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியும் சேர்ந்தால் அது அசிட்டிக் அமிலமாகும், அதாவது வினிகர். இதை நான் எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன் என்று கணக்கில்லை. என் ஜாடியில் ஆடையாக மிதந்தது அந்தக் கிருமிகளின் குடியிருப்பு. அதைக் கரண்டியில் அள்ளி, பதினெட்டு வருடம் பிசகாத ஒரு ஜாடிக்குள் நானே குடிவைத்தேன்.

எஸ்தர் திரும்பி வந்தாள். நாள் ஆனதும் வடிகட்டினாள். வாசனையில் ஏதோ சிறிது மாறியிருப்பதாக அவளுக்குப் பட்டிருக்கிறது; தெளிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். ஆறு பாட்டில். ஒவ்வொன்றிலும் தன் அழகான நர்ஸ் கையெழுத்தில் 'திருவிருந்து – பெரிய வியாழன்' என்று சீட்டு எழுதி ஒட்டினாள்.

பெரிய வியாழனுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் முதல் பாட்டிலைத் திறந்தாள். ஒரு ஸ்பூனில் ஊற்றி வாயில் வைத்தாள். பிறகு எனக்கும் ஒரு ஸ்பூன் நீட்டினாள். உதட்டில் பட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். ஆறும் ஒரே மாதிரி.

"திராட்சை சரியில்லையோ என்னவோ" என்றேன் நான்.

"திராட்ச நல்லாத்தான் இருந்துச்சு. நான்தானே பொறுக்குனேன்." ஸ்பூனைக் கீழே வைத்தாள். "என் கை போச்சு, ஷீபா அப்பா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதல் நாள், கரண்டிதான் காரணம் என்று நிச்சயமாக எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கே ஒரு சந்தேகத்தை உண்டாக்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் சொல்ல முடியாமல் போனது. ஏனென்றால் இப்போது கரண்டியோடு சேர்த்து இரண்டு நாள் மௌனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறவர்களைவிடப் பேசாமல் இருக்கிறவர்கள் யோக்கியர்கள் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

எஸ்தர் போதகருக்குப் போன் செய்து, இந்த வருடம் முடியவில்லை, இனிமேல் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். அதோடு நின்றிருந்தாலாவது என் மனம் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கும். பக்கத்து வீட்டு நரசிம்மையாவுக்குச் சர்க்கரை வியாதி. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து தினம் காலையில் எஸ்தர் போய் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வருவாள். அவள் போட்டால் போட்டதே தெரியாது என்பார் அவர். மறுநாள் காலையில் அவள் போகவில்லை. அவருடைய மருமகளைக் கூப்பிட்டு, எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். ஏன் என்று கேட்டேன். "பதினெட்டு வருஷம் செஞ்சது தப்பிப்போகுதுன்னா, ஊசியும் ஒரு நாள் தப்பும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். வழக்கத்தைவிட மெதுவாக நறுக்கினாள்.

பெரிய வியாழன் அன்று கடையில் வாங்கிய சாறுதான் பாத்திரத்தில் வந்தது. பொதுப் பாவ அறிக்கையைச் சபையிலேயே நான்தான் சத்தமாகச் சொன்னேன். அதில் கரண்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இவ்வளவு குற்ற உணர்வுக்கு நடுவிலும் என் சிக்கனம் மட்டும் அசையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆறு பாட்டிலையும் சாக்கடையில் கொட்டச் சொல்லியிருந்தாள். பின்பக்கம் எடுத்துப்போனேன். கொட்டுவதற்கு முன் கொஞ்சம் குளியலறை ஓட்டில் ஊற்றிப் பார்த்தேன். (ஆராய்ச்சி மனம்.) உப்புக்கறை நுரைத்தது. பிரஷ்ஷால் தேய்த்தேன். அரைமணி நேரத்தில், அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதல் முறையாக, அடியில் இருந்த ஓட்டின் நீல நிறம் கண்ணில் பட்டது. நான்கு மாதத்தில் நான் செய்த பொருள்களிலேயே உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான். பாட்டில்களைக் குளியலறைப் பலகையில் வரிசையாக அடுக்கினேன். ஐந்து பாட்டிலின் சீட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஆறாவதையும் திருப்பிவிட்டதாகத்தான் நினைப்பு.

ஈஸ்டர் முடிந்து அடுத்த சனிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை. வேலையெல்லாம் முடியட்டும், வீடு பார்க்கும்படி ஆகட்டும் என்று தள்ளி வைத்திருந்தோம். போதகர் வந்தார், சபை மூப்பர்கள் வந்தார்கள், நரசிம்மையா தன் மருமகளுடன் வந்தார். இருபது பேருக்கு மேல் இருக்கும். ஜெபம், பாட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தரை சிவப்பாக இருந்ததை எல்லாரும் பாராட்டினார்கள். நான், எல்லாம் வீட்டுத் தயாரிப்பு என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். (தரையைத் துடைத்தது மாதேவம்மா, கடைப் பினாயிலால்.) சாப்பாடு ஆனதும் போதகர் கை கழுவப் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது தோளில் துண்டு. இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு பாட்டில். ஆராதனையில் பாத்திரத்தைத் தூக்குவாரே, அதே பிடி. பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

"சார்," என்றார், "இது பாத்ரூம்ல இருந்துச்சு."

'திருவிருந்து – பெரிய வியாழன்.' கூடத்துக்கே தெரிகிற கையெழுத்து. ஒரு மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள்.

"காலி பாட்டில் பாஸ்டர்" என்றேன்.

அவர் இலேசாக அசைத்தார். பாதிக்கு மேல் இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி தளும்பியது.

"அப்பா, ஸும்னெ இருங்க" என்றாள் ஷீபா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

போதகர் வாயில் அடைத்த பஞ்சை எடுத்து முகர்ந்தார். "காடி" என்றார். எங்கள் வேதாகமத்தில் வினிகருக்கு அதுதான் பெயர். சிலுவையில் தொங்கியவர் தாகம் என்றபோது கடற்காளான் என்கிற கடற்பஞ்சில் தோய்த்து நீட்டியது காடி. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் அதை நினைத்தது எனக்குத் தெரிந்தது. நான் அதை ஊற்றிக் குளியலறை கழுவியதை மட்டும் யாரும் இன்னும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

அப்போது எஸ்தர் முன்னால் வந்தாள்.

"அது கெட்டுப்போன ரசம் பாஸ்டர். நான்தான் கொட்டச் சொன்னேன். வீணாகக் கூடாதுன்னு இவர் எடுத்து வச்சிருக்கார் போல. அவர் மேல தப்பில்ல. என் கைதான் சரியில்ல. வயசாயிடுச்சு."

இருபது பேர் முன்னால், வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு சொன்னாள்.

தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த மாதேவம்மா, "அம்மா கைக்கு ஏனும் ஆகல்ல" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்று. அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கதவருகில் நின்று பார்த்த அதே பார்வை. மூன்று நாள் நான் செய்ததைப் பார்த்தவள் இத்தனை நாளும் வாயைத் திறக்காதது, நானே சொல்லுவேன் என்று நினைத்ததால்தான் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

எழுந்து நின்றேன். வாயில் முதலில் வந்தது பாடம்தான்: "ஆல்கஹாலில் காற்றுப் பட்டால்..." எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். பாடம் அதோடு நின்றது.

"என் ஜாடியில கிண்டின கரண்டிய அவ ஜாடியிலயும் போட்டேன்" என்றேன்.

"எப்போ?" என்றாள் எஸ்தர்.

"நீ ஊருக்குப் போனப்ப."

அவள் குரல் மாறியது. வார்டில், இரவு டியூட்டிக்காரர்களிடம் கேட்கிற குரல் அது. "கரண்டியக் கொதிக்க வச்சீங்களா?"

"முதல் நாள் வச்சேன்."

போதகரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் அடக்கப் பார்த்தார், பாட்டில் தளும்பியது. அதைப் பார்த்து ஷீபா சிரித்தாள், மூப்பர்கள் சிரித்தார்கள், தமிழ் அவ்வளவாகத் தெரியாத நரசிம்மையாகூட மருமகளிடம் விவரம் கேட்டுக்கொண்டு தாமதமாகத் தனியாகச் சிரித்தார். நான் நடுவில் நின்றேன். வராந்தாவில் நான் நிறுத்திய பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்திருக்கலாம்.

எஸ்தர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையையும் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இன்றுவரை நான் கேட்கவில்லை.

போதகர் விடைபெறும்போது என்னைத் தனியாக அழைத்தார். அது ஆசீர்வதிக்காத ரசம்தான், அதனால் அந்த வகையில் பாவம் ஒன்றும் இல்லை என்றார். "பாக்கி இருக்கிறத நீங்க உள்ள போய்த்தான் பேசணும் சார்." எஸ்தர் பொறுப்பை விட்டுவிட்டதைக் கமிட்டியில் தான் இன்னும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை என்றும் சொன்னார்.

உள்ளே போய் என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன். அதிகம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் விளக்கம் சொல்லக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். விளக்குவதே தொழிலாக இருந்தவனுக்கு அது சிரமமான பாடம். எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் எழுந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் என்னைத் திட்டினாள். அவள் திட்டியது இவ்வளவுதான்:

"பதினாறு நாள். அந்தப் பொண்ணு கை நடுங்க நடுங்க ஊசி போட்டிருக்கா. அவரு பேசாமப் பொறுத்திருக்கார்."

நாலு வருடம் ஆகிறது. மீதி ரசத்தால் குளியலறை முழுவதும் நீலமாகிவிட்டது. அதற்கு மேல் தேய்க்க ஒன்றும் இல்லை. ஆரஞ்சுத் தோல் திரவத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி இப்போது இல்லை. பினாயில் கடையில்தான் வாங்குகிறோம். சீட்டை மாதேவம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் ஒழுங்காகச் செய்தாயா என்று கேட்க முடியாது. பிரஷர் மாத்திரை போட்டீங்களா? "முதல் நாள் போட்டேன்." கேட்டைப் பூட்டினாயா? "முதல் நாள் பூட்டினேன்." போன வருடம் ஷீபாவின் கல்யாணத்தில், மணமக்களிடம் உடன்படிக்கைக் கேள்விகளைக் கேட்பதற்கு முன் போதகர் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். முன்வரிசையில் இருந்த மூப்பர்களுக்கு இருமல் வந்தது.

எஸ்தர் மறுபடியும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஜாடியை எடுக்கிறாள். பொறுக்குவது, பிசைவது, கிண்டுவது எல்லாம் அவள்தான். கரண்டியைக் கொதிக்க வைப்பது மட்டும் என் வேலை. அதை அவளேதான் எனக்குக் கொடுத்தாள். தினம் காலையில் முன்னறையிலிருந்து, "வச்சீங்களா?" என்று ஒரு குரல் வரும். அவள் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் பத்து நிமிடம் வைக்கிறேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்று, தண்ணீருக்குள் கரண்டி புரளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேஸ் எரிகிறது. எரியட்டும்.

இந்த வருட ஜாடிக்கு இன்று பதினேழாம் நாள். வைத்தேன்.